மலிவான மடக்குக் கத்தி: வாங்கும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் நாற்றுப்பண்ணையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்துக் காட்டினான். அலகு முழுக்க அலை அலையாகக் கோடுகள். "டமாஸ்கஸ் அண்ணே, 900 ரூபாய்தான்" என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் இருந்த இருப்பு ஞாபகம் வந்தது. மதியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு உரமூட்டைகளைப் பிரித்திருப்பான். அப்புறம் அந்தக் கத்தி சணல்மேல் வழுக்கிக்கொண்டு போனதே தவிர அறுக்கவில்லை.

தென்காசிப் பக்கத்தில் பண்ணை வேலை எனக்கு. தேங்காய்நார்க் கயிறு அறுக்க, சொட்டுநீர்க் குழாயைத் துண்டாக்க, மூட்டை பிரிக்க, ஒட்டுக்கட்டக் குச்சி சீவ என்று நாளெல்லாம் கையில் மடக்குக் கத்தி இருக்கும். இருபது வருஷத்தில் முப்பது நாற்பது கத்தி வாங்கியிருக்கிறேன். பெரும்பாலும் எல்லாம் 2,000 ரூபாய்க்குள். கத்தியால் நெம்பாதே, விரலை நோக்கி வெட்டாதே, ஈரத்தோடு மடக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன். காசு கொடுக்கும் நேரத்தில் கண்ணை ஏமாற்றுகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

வந்ததும் காகிதத்தை வெட்டிப் பார்த்துத் திருப்தி அடைவது

புதுக் கத்தி காகிதத்தைச் சர்ரென்று வெட்டினால், தொழிற்சாலையில் கடைசியாகத் தீட்டியவர் நன்றாகத் தீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அவ்வளவுதான். தகரத்தைக்கூட ஒருமுறை அந்தக் கூருக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்தக் கூர் எத்தனை நேரம் நிற்கும் என்பதுதான் கேள்வி. அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து நீளநீளமாக ஐம்பது தடவை அறுங்கள். நார்க்கயிறு இருந்தால் இன்னும் நல்லது, அது கூரைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு அதே காகிதத்தை வெட்டிப் பாருங்கள். இப்போது கிடைக்கும் பதில்தான் அந்தக் கத்தியைப் பற்றிய பதில்.

அலகில் பொறித்திருக்கும் எஃகுப் பெயரை நம்பிக் காசு கொடுப்பது

நான் அதிகம் இழந்தது இதில்தான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

முதலில் என்னை மாட்டிவிட்டது "440" என்ற எண். அலகில் அழகாகப் பொறித்திருந்தது. நல்ல எஃகு என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன், வாங்கிவிட்டேன். 440 என்பது ஒரே எஃகு இல்லை, ஒரு குடும்பம் என்பது பிறகுதான் தெரிந்தது. 440ஏ என்றால் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம். 440சி என்றால் 0.95 முதல் 1.20 சதவீதம். கத்திக்குக் கடினத்தைக் கொடுப்பது இந்தக் கார்பன். எழுத்து இல்லாமல் வெறும் 440 என்று போட்டிருந்தால், பெருமைப்படும்படியான எழுத்து அதில் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உண்மையான 440சி போட்டவர் அந்தச் 'சி'யை விட்டுவிட மாட்டார்.

சீன எஃகுகளின் பெயர் இந்த விஷயத்தில் நேர்மையானது. 8சிஆர்13மோவ் என்றால் கார்பன் சுமார் 0.8, குரோமியம் சுமார் 13 சதவீதம். 3சிஆர்13 என்றால் கார்பன் 0.3தான். முதல் எண்ணைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பொறித்திருப்பது உண்மையாக இருந்தால்!

அங்கேதான் இரண்டாவது அடி விழுந்தது. பண்ணையில் ஆறு பேருக்குச் சேர்த்து ஆறு கத்தி வாங்கினேன். அலகில் "டி2" என்று இருந்தது. கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்களுக்கு டி2 புதிதல்ல. தகடு வெட்டும் டை, பஞ்ச் எல்லாம் செய்கிற எஃகு. கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் பன்னிரண்டு. ஒழுங்காகச் செய்தால் கூர் நாள்கணக்கில் நிற்கும். ஒன்று 1,900 ரூபாய், மொத்தம் 11,400. பண்ணைக் கணக்கில் அது சின்னத் தொகை இல்லை. நடவு வேலை தொடங்கும்போது கொடுக்கலாம் என்று பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பிரித்தோம். முதல் நாள் மாலையிலேயே ஆறு கத்தியும் மழுங்கிவிட்டன. அலகின் பக்கவாட்டில், முதுகிலிருந்து கூரை நோக்கி நகத்தை இழுத்தால் ஓரத்தில் தட்டியது. கூர் தேயவில்லை, ஒரு பக்கமாக மடிந்திருந்தது. எஃகு மெத்தென்று இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சந்தேகத்துக்குப் புது அரம் ஒன்றை எடுத்து, அலகின் முதுகில் பிடிக்குப் பக்கமாக மெல்லத் தள்ளினேன். நன்றாகக் கடினமேறிய அலகில் அரம் பெரும்பாலும் வழுக்கும். இதில் கடித்துப் பொடி உதிர்ந்தது. கடைக்கு எழுதினேன். திருப்பி அனுப்பப் பத்து நாள்தான் கெடு, அது முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

அது டி2 தானா, இல்லை வேறு எதிலோ அந்தப் பெயரைப் பொறித்துவிட்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தாலும் பிரயோசனம் இல்லை. நல்ல டி2 ஆகவே இருந்து, சூடேற்றிக் குளிர்விக்கும் வேலையில் காசு மிச்சம் பிடித்திருந்தாலும் விளைவு இதேதான். நம் கொல்லுப்பட்டறையில் தோய்ச்சல் என்று சொல்வார்களே, அதுதான் கத்தி. அரிசியும் உளுந்தும் ஒரே கடையில் வாங்கி ஒரே அளவில் போட்டாலும் எல்லார் வீட்டு இட்லியும் ஒன்றாகவா வருகிறது? எஃகு எத்தனை டிகிரிக்குப் போனது, எத்தனை நேரம் அங்கே நின்றது, எப்படிக் குளிர்ந்தது, மறுபடி எவ்வளவு சூட்டில் பதமானது என்பதை எந்த அலகிலும் பொறிப்பதில்லை.

என்னை உறுத்துவது பணம் மட்டும் இல்லை. அதே சமயத்தில் என் பையிலேயே விக்டோரினாக்ஸ் ஒன்று இருந்தது. 1891இல் சுவிஸ் படைக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்த பட்டறை அது. அதன் எஃகு பெயர் சொல்லி விற்கிற எஃகே இல்லை. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் ஏறத்தாழ 56 இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நூறு கத்தி எடுத்தாலும் நூறும் ஒரே மாதிரி இருக்கும். மழுங்கினால் கல்லில் நாலு இழுப்பில் திரும்பி வரும். அதைத் தினமும் பயன்படுத்திக்கொண்டே, "டி2" என்ற இரண்டு எழுத்துக்காக 11,400 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.

டமாஸ்கஸுக்கு வருகிறேன். இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கிப் பற்றவைத்து அடித்து, அமிலத்தில் கோடு தெரியவைத்தது. அதைச் சரியாகச் செய்ய உழைப்பு அதிகம், விலையும் அதிகம். 900 ரூபாய்க் கத்தியில் இருப்பது பெரும்பாலும் சாதாரண எவர்சில்வர் அலகில் அச்சடித்த கோலம். அலகின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அடுக்கு நிஜமானால் கோடுகள் முதுகிலும் ஏறி மறுபக்கம் இறங்கும். அச்சாக இருந்தால் முதுகு மொட்டையாக இருக்கும். தம்பியின் கத்தியை நெற்றி சுருங்காமல் பார்க்க எனக்குப் பொறுமை இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்களுக்கு எஃகுக் கட்டி போனது தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும். அந்த எஃகுக்கு ஊட்ஸ் என்று வெளிநாட்டார் எழுதிய பெயரைக் கன்னடத்து உக்கு, நம் உருக்கு ஆகிய சொற்களோடு சேர்த்துச் சொல்வார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட பெயரை ஒரு ஸ்டிக்கர் மாதிரி ஒட்டி விற்பதைப் பார்க்க மனசு ஒப்பவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? செய்தவரைப் பாருங்கள். ஒரே கத்தியைப் பல வருஷமாக மாற்றாமல் செய்துவருகிற பெயரா என்று பாருங்கள். கத்தியை வைத்துக்கொள்வதாக முடிவு செய்த பிறகு, பென்சில் மொத்தத்தில் ஒரு பித்தளைக் கம்பியை மேசைமேல் வைத்து, கூரைச் சாய்வாக வைத்து லேசாக அழுத்துங்கள். கூர் கொஞ்சம் வளையும். எடுத்ததும் நேரானால் தோய்ச்சல் சரி. வளைந்தே நின்றால் மெத்து, பொரிந்து உதிர்ந்தால் அதிகக் கடினம்.

பூட்டின் 'டிக்' சத்தத்தைக் கேட்டு நம்புவது

சத்தம் எந்தக் கத்தியிலும் வரும். அலகை விரித்துவிட்டுப் பிடிக்குள் எட்டிப் பாருங்கள். மலிவுக் கத்திகளில் அதிகம் இருப்பது லைனர் லாக்: பிடிக்குள்ளே இருக்கும் ஒரு தகடு வளைந்து வந்து அலகின் அடிப்பாகத்தைத் தாங்கும். புதுக் கத்தியில் அந்தத் தகடு அடிப்பாகத்தின் அகலத்தில் கால் பங்கிலிருந்து பாதிக்குள் நிற்க வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் எப்போது வேண்டுமானாலும் நழுவும். புதிதிலேயே மறுகோடி வரை போய்விட்டால் தேய்வதற்கு இடமே இல்லை.

அடுத்து, விரல்களை அலகு மடங்கும் பாதையிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகை ஒரு மரக்கட்டையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், தட்டினால் போதும். எங்கள் பண்ணையில் ஒரு பையனுக்குக் குழாய் அறுக்கும்போது பூட்டு நழுவி ஆள்காட்டி விரலில் நாலு தையல். அந்தக் கத்தியை வாங்கிய அன்றே தட்டிப் பார்த்திருந்தால் நழுவியிருக்கும்.

விக்டோரினாக்ஸின் சின்னக் கத்திகள் பலவற்றில் பூட்டே கிடையாது, ஸ்பிரிங்தான் பிடிக்கிறது. அது குறை இல்லை, ஆனால் அதை வைத்துக் குத்தித் துளைக்கக் கூடாது. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் பிறந்த ஓபினெல் என்ற மரப்பிடி மடக்குக் கத்தியில் ஒரு வளையம் இருக்கும். திருப்பினால் அலகு மடங்காது. 1955இல் சேர்த்த அந்த வளையத்தைவிட எளிமையான, பழுதாகாத பூட்டை இந்த விலையில் நான் பார்த்ததில்லை.

பொத்தானைத் தொட்டதும் பாய்ந்து திறக்கும் கத்தி

பணம் ஸ்பிரிங்குக்குப் போகிறது.

அலகு தடிமனாக இருந்தால் உறுதி என்று நினைப்பது

நாலு மில்லிமீட்டர் முதுகுள்ள கத்தியால் கொய்யாவை வெட்டினால் அது வெட்டாது, பிளக்கும். ஒட்டுக்குச்சியைச் சீவினால் சாய்வு வழவழப்பாக வராது. வழவழப்பு இல்லாவிட்டால் ஒட்டு சரியாகப் பொருந்தாது. வெட்டுவது கூருக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பகுதி. ஓபினெல் 8ஆம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர் நீளம், முதுகு இரண்டு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. பத்து வருஷமாக என்னிடம் இருக்கும் ஒன்று இன்னும் வளையவில்லை. கூருக்கு மேலே விரலால் தடவினால் ஆப்பு மாதிரி திடீரென்று பருத்தால் அந்தக் கத்தியை வைத்துவிடுங்கள்.

கனமாக இருந்தால் தரம்

இல்லை.

சீனாவில் செய்தது என்றதும் ஒதுக்குவது

குவாங்தோங் மாகாணத்து யாங்ஜியாங் கத்திக்குப் பெயர்போன ஊர். உலகத்தின் மோசமான கத்திகளும் அங்கிருந்து வருகின்றன, நல்லவையும் அங்கிருந்து வருகின்றன. அமெரிக்கப் பெயருள்ள ஸ்பைடெர்கோவே டெனேஷியஸ் என்ற தன் மலிவுக் கத்தியைச் சீனாவில் 8சிஆர்13மோவ் எஃகில் செய்து விற்கிறது. யார் சொல்லிச் செய்தது, யார் சரிபார்த்தது என்பதுதான் விஷயம்.

கார்பன் அலகு கறுத்ததும் கெட்டுவிட்டது என்று நினைப்பது

வாழைப்பால் பட்டால், மாங்காய் நறுக்கினால் கார்பன் ஸ்டீல் அலகு நீலமும் சாம்பலுமாகக் கறுக்கும். அது துரு இல்லை. துரு சிவப்பாக, பொடியாக இருக்கும். கறுப்புப் படிவு அந்தச் சிவப்பைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஆனால் பொட்டாஷ் மூட்டை பிரித்த கத்தியைத் துடைக்காமல் விட்டால் ஒரே இரவில் புள்ளி விழும். துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போடுங்கள்.

மழைக்காலத்தில் ஓபினெலின் மரப்பிடி ஈரம் குடித்து ஊதி, அலகு திறக்க மறுக்கும். கத்தியில் கோளாறு என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் உலர விட்டால் திறந்துவிடும்.

தண்ணீர் காட்டாமல் மிஷின் சாணையில் கொடுத்துவிட்டுக் கத்தியைக் குறை சொல்வது

வேகமாகச் சுற்றும் கல்லில் காய்ந்தபடியே தீட்டினால் மெல்லிய கூர் நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்து எடுக்கும்வரை கூர் நிற்காது. ஒரு நல்ல கத்தியை இப்படிக் கெடுத்துக்கொண்டு, "கம்பெனி ஏமாற்றிவிட்டது" என்று மூன்று பேர் என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சொரசொரப்பு வேறான ஒரு கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போதும்.

அளவைப் பார்க்காமல் பெரியதாக வாங்குவது

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்ததாக இல்லாவிட்டால், ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். பண்ணைக்கு 3 அங்குலமே தாராளம். விமானத்தில் போகிறவர்கள் எந்த அளவானாலும் கைப்பையில் வைக்காதீர்கள்.

பெட்டியோடு அலமாரியில் வைப்பது

வந்த அன்றே பிரியுங்கள். அட்டை, கயிறு, பூட்டு மூன்றையும் அன்றைக்கே பாருங்கள். மழுங்கினால், நழுவினால் மறுநாளே திருப்பி அனுப்புங்கள். பித்தளையும் அரமும் தழும்பு விடும், அதனால் கத்தியை வைத்துக்கொள்வதாக முடிவு செய்த பிறகு போதும். அந்த டமாஸ்கஸ் கத்திக்கு இன்னும் நாலு நாள் கெடு இருந்தது. தம்பி நேற்று அனுப்பிவிட்டான்.