சீனம் பேசும் மாணவருக்கு ‘பேனிக்’ என்ற சொல்லைப் பழக்குவது எப்படி?

சீனம் பேசுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரத் தொடங்கியிருக்கிறீர்களா? ‘ஐ வாஸ் வெரி பேனிக்’ என்ற வாக்கியம் விரைவிலேயே உங்கள் காதில் விழும். அந்த மாணவருக்குப் பேனிக் என்பதன் பொருள் தெரியாமல் இல்லை. கொங்ஹுவாங், ஜிங்ஹுவாங் என்று அகராதி பார்த்து மனப்பாடமே செய்திருப்பார். வாக்கியத்தில் அதை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறார். பொருளைத் திரும்பத் திரும்ப விளக்குவதை விட்டு, அந்த இடத்தைக் காட்டிக்கொடுங்கள்.

முதல் படி: பிழையின் வேரைப் பாருங்கள்

சீனத்தின் பொதுமொழியான மாண்டரினில் ‘வோ ஹென் ஹுவாங்’ என்பார்கள். வோ என்றால் நான், ஹென் என்றால் மிகவும், ஹுவாங் என்றால் பதற்றம். அதே ஹுவாங், ‘பியே ஹுவாங்’ என்னும்போது ‘பதறாதே’ என்று வினையாகிவிடுகிறது. சொல்லின் உருவம் துளியும் மாறுவதில்லை. தமிழில் பதறு, பதற்றம், பதற்றமான என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வடிவம் இருப்பதால், மாணவரின் சிக்கல் நமக்குச் சட்டெனப் புலப்படாது. அவர் தம் மொழியின் வாக்கியத்தை ஒழுங்காகத்தான் கட்டுகிறார். ஹுவாங் இருந்த இடத்தில் பேனிக்கை வைக்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘வெரி’க்குப் பின் பேனிக் அப்படி நிற்காது. இதற்காக அவரைக் கடிந்துகொள்வது நியாயமே இல்லை.

இரண்டாம் படி: எந்தப் பயம் என்று பிரியுங்கள்

கதவு படாரென்று அடித்துக்கொள்கிறது, தூக்கிவாரிப் போடுகிறது. சீனத்தில் இதற்கு ‘ஷியா யீ தியாவ்’ என்பார்கள். பயத்தில் ஒரு துள்ளல் என்று பொருள். இது பேனிக் அல்ல. ‘இட் கேவ் மீ எ ஃப்ரைட்’ என்று சொல்லப் பழக்குங்கள்.

பேனிக் என்பது பயம் மூளையைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்றே தெரியாமல் ஆக்கும் நிலை. ‘ஜிங்ஹுவாங் ஷித்சுவோ’ என்ற நான்கெழுத்து மரபுத்தொடர் மாணவருக்குப் பள்ளியிலேயே அறிமுகமாகியிருக்கும். பதறிப்போய்ச் செய்வதறியாமல் நிற்பதைக் குறிக்கும் தொடர் அது. அதை நினைவூட்டினால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். கிரேக்கத் தெய்வமான பானின் பெயரிலிருந்து இந்தச் சொல் பிறந்த கதை சுவையானதுதான், ஆனால் தொடக்க வகுப்பில் அது சுமை.

மூன்றாம் படி: வாக்கியங்களை வரிசையாகக் கொடுங்கள்

அவர்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு காட்சியை எடுங்கள். ஜூன் 7, காவ்காவ் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வின் முதல் நாள். ஒரு மாணவி தேர்வு மையத்தின் வாசலில் நின்று பையைத் திறந்தால் ஜுன்காவ்ஜெங், அதாவது ஹால் டிக்கெட், இல்லை. ஒவ்வோர் உறையாகத் துழாவுகிறாள். பேனாக்கள் இருக்கின்றன, அடையாள அட்டை இருக்கிறது, அது மட்டும் இல்லை.

உடன் வந்த அம்மா என்ன சொல்வார்? ‘பியே ஹுவாங்!’ ஆங்கிலத்தில் ‘டோன்ட் பேனிக்!’ சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அதனால் இதிலிருந்து தொடங்குங்கள். பேனிக் ஒரு வினைச்சொல்லாகவும் வரும் என்பது இலக்கணம் பேசாமலே மனத்தில் பதிந்துவிடும்.

அடுத்து, ‘வோ ஹுவாங் லெ’. நான் பதறிவிட்டேன் என்று பொருள். ‘ஐ பேனிக்ட்’ என்பதற்கு இது அருமையான பாலம். மாணவர் ‘வாஸ்’ சேர்க்க முனைந்தால், ‘உங்கள் வாக்கியத்தில் அது எங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள், அவரே எடுத்துவிடுவார். ஆனால் ‘லெ’ வந்தாலே இறந்தகாலம் என்று பொதுவிதியாகச் சொல்லிவிடாதீர்கள். அந்த லெ நிலை மாறியதைக் காட்டுகிறது; எல்லா இடத்திலும் இறந்தகாலத்தோடு ஒத்துவராது.

மூன்றாவதாக, ‘ஐ வாஸ் இன் எ பேனிக்’. இங்கே பேனிக் பெயர்ச்சொல், ‘வாஸ்’ வரலாம். ‘இன் எ’ என்ற இரண்டையும் விடாமல் ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள். ‘வெரி’ வேண்டும் என்று அடம்பிடிக்கும் மாணவருக்கு ‘ஐ ஃபெல்ட் வெரி பேனிக்கி’ என்பதைக் கொடுக்கலாம். என்னைக் கேட்டால், முதல் மூன்றும் வாயில் படிந்த பிறகு கொடுப்பதே நல்லது.

நான்காம் படி: கடைசி ஒலி

மாண்டரின் அசைகள் உயிரொலியிலோ, ன், ங் போன்ற மெல்லொலியிலோ முடியும். க் என்று முடிவதில்லை. அதனால் ‘பேனி’ என்று விழுங்குவார்கள், அல்லது ‘பேனிகெ’ என்று இழுப்பார்கள். ஹாங்காங்கில் பேசப்படும் கான்டனீஸில் க் ஈறு உண்டு என்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

‘பேனிக்கிங்’ என்று தொடங்குங்கள். க்-க்குப் பின் உயிரொலி வருவதால் எளிதாக வந்துவிடும். பிறகு ‘இங்’ சொல்லும் முன் நிறுத்தச் சொல்லுங்கள். க் வாயிலேயே நிற்கும். ‘பேனிக்ட்’ இன்னும் கடினம். அதைத் தனியாகச் சொல்ல வைக்காமல் ‘பேனிக்ட் அட் த கேட்’ என்று அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொல்ல வையுங்கள். எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு: ‘இடி’ (ed), ‘ஐஎன்ஜி’ (ing) விகுதிகள் சேரும்போது சி-க்குப் பின் ஒரு கே வரும். பிக்னிக்குக்கும் இதே விதிதான்.

ஐந்தாம் படி: பேச விடுங்கள்

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, அயோடின் கலந்த உப்பு கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்ற வதந்தி பரவி, சீன நகரங்களில் உப்புக்கு அடிதடி ஆயிற்று. அங்காடிகளில் உப்பு இருந்த அடுக்குகள் காலியாயின. ‘பேனிக் பையிங்’, அதாவது பதறிப்போய் வாங்கிக் குவிப்பது, என்ற தொடருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும். இளையவர்களிடம் 2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில் கழிப்பறைக் காகிதம் மாயமானதைக் கேளுங்கள். நடந்ததை அவர்களே ஐந்து வாக்கியங்களில் சொல்லட்டும். குறுக்கே புகுந்து திருத்த வேண்டாம். பிழைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து மறுபடி சொல்ல வையுங்கள்.