ஒருசந்தி மிச்சம் எங்கே போகிறது? தவக்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தவக்காலத்தில், அதாவது உயிர்ப்பு விழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நோன்புக் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளை 14 நிலைகளாகத் தியானிக்கும் செபம்) முடிந்து கோயில் முற்றத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் அன்பியத்துக்கு, அதாவது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் குழுவுக்கு, புதிதாக வந்த ஒரு தங்கச்சி, தூக்குச்சட்டியோடு நின்ற ஒரு பாட்டியிடம், "இங்கேயே குடிச்சிட்டுப் போங்க பாட்டி, வீட்டுக்கெல்லாம் தரக்கூடாது" என்றாள். குரலில் கோபம் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டுமே என்ற அக்கறைதான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. 20 வருடங்களுக்கு முன்னால் அதே முற்றத்தில், கையில் அதே அகப்பையோடு, அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன்.

பாட்டியின் சட்டியை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் எழுதத் தொடங்கியதுதான் இது. தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு (கோயில் சமூகம்) எங்களுடையது. அன்பியப் பொறுப்பாளராகவும் மறைக்கல்வி ஆசிரியராகவும் இருந்ததில் நான் செய்த தவறுகள், இப்போது புதியவர்கள் கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. வெள்ளிக்கிழமை என்பதை மறந்து கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டது, சிலுவைப்பாதைக்குப் பிந்தி வந்தது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை மறதி. அடுத்த வெள்ளி தானாகச் சரியாகிவிடும்.

நாளைத் தப்பாக எண்ணுவது

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு விழாவுக்கு முந்தின நாளான புனித சனி வரை விரல் வைத்து எண்ணினால் 46 நாள் வரும். "நாற்பது நாள்னு சொன்னாங்களே" என்று மறைக்கல்விப் பிள்ளைகள் வருடா வருடம் கேட்பார்கள். நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. 2026ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்: பிப்ரவரி 18 திருநீற்றுப் புதன், ஏப்ரல் 5 உயிர்ப்பு ஞாயிறு. ஞாயிறு ஒவ்வொன்றும் ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மாமியார் தட்டை என் முன்னால் வைத்தார். "ஞாயித்துக்கிழமை என்னம்மா ஒருசந்தி? இன்னைக்கு நம்ம ஆளுங்க கடலுக்கே போகல. சாப்பிடு." இதைவிடத் தெளிவாக எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை.

சுத்தபோசனத்தையும் ஒருசந்தியையும் குழப்புவது

பழைய செபப் புத்தகச் சொற்கள் இவை. இப்போதைய பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. இறைச்சியை விலக்குவது சுத்தபோசனம். ஒருவேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை கொஞ்சமாக எதையாவது சாப்பிடுவது ஒருசந்தி. 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் கடமை. ஒருசந்தி 18 வயது முடிந்தவர்கள் முதல் 59 வயது முடியும்வரை உள்ளவர்களுக்கு. தவக்கால வெள்ளிகளில் சுத்தபோசனம். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டும் சேர்ந்த நாட்கள்.

"எங்க பாட்டி நாற்பது நாளும் இருந்தாங்களே" என்பார்கள். இருந்தார்கள். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல்தான் கட்டாய நாட்களைக் குறைத்தார். நாட்களைக் குறைத்த அதே ஆவணம், செபத்தையும் அறச்செயலையும் நோன்போடு சேர்த்தே வற்புறுத்துகிறது. நாம் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டோம்.

மாத்திரையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். நோயாளிக்கு நோன்புக் கடமை இல்லை.

மிச்சம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்தத் தவறுதான்.

ஒருசந்தி இருந்தால் ஒரு வேளைச் சோறு மிஞ்சும். அந்தச் சோறு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை ஆடு, கோழி கூடாது. மீனுக்குத் தடை இல்லை. உள்நாட்டு ஊர்களில் கறியை விடுவது ஒரு ஒறுத்தல்தான். கடற்கரையில் மீன் தினசரிச் சாப்பாடு. கோழி எடுக்கிற காசுக்கு மேலே போட்டுச் சீலா மீன் வாங்கி, பாதியைக் குழம்பு வைத்து, பாதியைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு "இன்னைக்குச் சுத்தபோசனம்" என்கிறோம். விதி மீறப்படவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் குறையவும் இல்லை.

நான் செய்தது இதைவிட மோசம். கல்யாணமான மூன்றாம் வருடம் நாற்பது நாளும் ஒருசந்தி இருந்தேன். காலையில் வரக்காப்பி, மதியம் சோறு, ராத்திரி வெறும் தண்ணீர். தினமும் மாலையில் கோயில். பார்க்கிறவர்கள் எல்லாம் "மெலிஞ்சிட்டியே" என்றபோது உள்ளுக்குள் குளிர்ந்தது. வெள்ளிக்கிழமைக் கஞ்சி என் பொறுப்பு. பச்சரிசி, சிறுபயறு, வெந்தயம், உரித்த பூண்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ளத் துவையல்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்த குடும்பத்துப் பையன், பத்து வயது இருக்கும், தூக்குச்சட்டியோடு வந்தான். "அத்தை, இதுல தாங்க" என்றான். இது சேர்ந்து உட்கார்ந்து குடிக்கிற தவக் கஞ்சி, வாங்கிக்கொண்டு போகிற சாப்பாடு இல்லை என்பது என் நியாயம். "இங்கேயே உக்காந்து குடி. வீட்டுக்குத் தர மாட்டோம்" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. சட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு கிண்ணம் குடித்தான். இன்னொரு கிண்ணம் கேட்டான், கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு குடித்துவிட்டு, மூடியைத் திறக்காத சட்டியோடு போனான்.

அடுத்த வாரம்தான் விஷயம் தெரிந்தது. அவன் அப்பாவின் காலில் திருக்கை முள் ஏறி, புண் ஆறாமல், ஐந்து வாரமாகக் கடலுக்குப் போகவில்லை. அம்மாவின் கம்மல் அடகில் இருந்தது. பல நாள் ராத்திரி அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் மாலையில் செபிக்கப் போனேன்.

அன்று ராத்திரி எங்கள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தேன். நான் சாப்பிடாத அத்தனை ராத்திரிச் சோறும் அதற்குள்ளேயே இருந்தது. ஒருவர் ராத்திரிச் சோற்றுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தாலும் 40 நாளைக்கு 4 கிலோ. அதோடு காப்பிக்குப் போகாத பால், சீனி. எல்லாம் சேர்ந்து உயிர்ப்பு விழாவுக்குக் கூடுதலாக ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கும் யோசனையாக மாறியிருந்தது. நான் பட்டினி கிடந்து என் வீட்டுக்கே சேமித்துக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் அரிசியோடு அந்த வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பையனின் அம்மாதான் முதலில் பேசினாள். "மைனி, கஞ்சி நல்லா இருந்துச்சுன்னு பையன் சொன்னான்." வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

திருநீற்றுப் புதனுக்கு இரண்டு நாள் கழித்து வரும் வெள்ளியன்று திருப்பலியில் எசாயா 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். 'பசித்தவனோடு உன் உணவைப் பகிர்ந்துகொள்வதுதானே நான் விரும்பும் நோன்பு' என்று ஆண்டவர் கேட்கும் பகுதி. 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையாக இருந்த புனித பெரிய சிங்கராயரும் நோன்பிருப்பவர் விடுவது ஏழையின் உணவாகட்டும் என்று மறையுரையில் சொல்லியிருக்கிறார். இவை எனக்குத் தெரியாதவை இல்லை. அந்த எசாயா வாசகத்தை வாசகமேடையில் நின்று நானே பலமுறை வாசித்திருக்கிறேன்.

அதற்கப்புறம் என் வழக்கம் மாறியது. மாமியாரிடமிருந்து கற்றுக்கொண்டது: பிடி அரிசி. உலை வைக்கும்போதே ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். சமைத்து முடித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒன்றும் மிஞ்சாது. காசும் அப்படித்தான். சாப்பாட்டை விடுகிற அந்த நேரத்திலேயே அதன் விலையை டப்பாவில் போடுங்கள். வெள்ளிக்கிழமை 600 ரூபாய்க்குச் சீலா வாங்குகிற வீடு அன்று 150 ரூபாய்க்குச் சாளை வாங்கினால் மிச்சம் 450. பெரிய வெள்ளியோடு சேர்த்துத் தவக்காலத்தில் 7 வெள்ளி, 3,150 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதம் வரும் அரிசி மூட்டைக் காசு அது.

பங்கில் கொடுக்கும் தவக்கால உண்டியலும் இதற்காகத்தான். கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப்பணி அமைப்பான காரித்தாஸ் இந்தியா பசிக்கும் நோய்க்கும் எதிராக நடத்தும் தவக்கால இயக்கத்துக்கு அதிலிருந்து போகிறது. உண்டியல்களைத் திறந்து எண்ணுகிறவர்களில் நானும் ஒருத்தி. சிலவற்றை உடைத்தால் கசங்கிய பத்து ரூபாய்த் தாள்களும் சில்லறையும் அடுக்கடுக்காக விழும். தாளில் மஞ்சள் கறை, மீன் வாடை. அடுப்பங்கரையில் இருந்த உண்டியல் அது. சிலவற்றில் மடிப்புக் கலையாத ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் மட்டும் இருக்கும். முந்தின நாள் ராத்திரி நினைவு வந்து போட்டது. ஐந்நூறு ரூபாய் பெரிய காசுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் நாற்பது நாளும் அந்த டப்பாவை யாரும் தொடவில்லை, யார் பசியையும் நினைக்கவும் இல்லை என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடுகிறது.

கஞ்சி ஊற்றுகிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று: யார் தூக்குச்சட்டி கொண்டு வந்தாலும் நிரப்பிக் கொடுங்கள். எதற்கு, எத்தனை பேருக்கு என்று கேட்காதீர்கள். கஞ்சி குறைந்தால் நாம் குடிக்காமல் போவோம். அன்றைக்கு நமக்கு நோன்புதானே.

பட்டியலை நீட்டுவது

திருநீறு பூசிய வேகத்தில் காப்பி, சீரியல், இனிப்பு, கறி, செருப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுகிறார்கள். நான்காம் நாள் காப்பி இல்லாத தலைவலியில் வீட்டிலுள்ளவர்கள் மேல் எரிந்து விழுகிறார்கள். ஒன்றைப் பிடியுங்கள். அதை உயிர்ப்பு விழா வரைக்கும் விடாமல் கொண்டு போங்கள். திருநீற்றுப் புதன் நற்செய்தியில் இயேசு சொல்வது, நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிக்கொள்ள வேண்டும் என்று. நீங்கள் நோன்பு இருப்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவு சாதாரணமாக முகம் இருக்க வேண்டும்.

அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று பார்ப்பது

வேண்டாம்.

ஒப்புரவைப் பெரிய வாரத்துக்குத் தள்ளுவது

எங்கள் பங்கில் ஒரு பங்குத்தந்தை. உயிர்ப்பு விழாவுக்கு முந்தின பெரிய வாரத்தில் பக்கத்துப் பங்குச் சாமியார்கள் ஒன்றிரண்டு பேர் உதவிக்கு வருவார்கள். அன்றைக்குத்தான் ஒப்புரவுக்கு, அதாவது பாவங்களைச் சாமியாரிடம் அறிக்கையிட, ஊரே வரிசையில் நிற்கும். உள்ளே போனவர் இரண்டு நிமிடத்தில் வெளியே வர வேண்டும். வெளியே நிற்பவர்களின் கண் முழுதும் அவர் முதுகில். மனம் திறந்து பேச அங்கே இடம் எங்கே இருக்கிறது? இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே ஒரு வார நாளில், மாலைத் திருப்பலிக்கு அரைமணி நேரம் முன்னால் போய்ச் சாமியாரிடம் கேளுங்கள். நிதானமாகக் கேட்பார்.

அதற்கும் முன்னால் போக வேண்டிய வீடு ஒன்று பலருக்கும் இருக்கும். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு, வலைப் பங்கு தகராறு, பேச்சு நின்று போன நாத்தனார். காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரரோடு உறவாடச் சொல்கிறது நற்செய்தி. அதற்கு ஒரு நாளெல்லாம் போதாது, சில வாரம் பிடிக்கும். தவக்காலத் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கச் சொல்வது இதனால்தான்.

சிலுவைப்பாதையில் செல்போன்

14 நிலைகளுக்கும் வீட்டில் கிடக்கட்டும்.

பெரிய வெள்ளியோடு நிறுத்திக்கொள்வது

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. அன்று திருப்பலி கிடையாது; பாடுகளின் வாசகம், சிலுவை ஆராதனை, முந்தின நாள் அர்ச்சித்து வைத்த நற்கருணை. சிலுவையை முத்தி செய்துவிட்டு, அழுதுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சனி ராத்திரி பாஸ்கா திருவிழிப்புக்கு (உயிர்ப்பு விழாவின் இரவு வழிபாட்டுக்கு) பாதிப் பேர்கூட வருவதில்லை. கேட்டால் "ராத்திரி நேரம், வாசகம் நெறைய" என்பார்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு வாசகங்கள் உண்டு, உண்மைதான். இத்தனை வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்த அல்லேலூயாவை அன்றைக்குத்தான் மறுபடி பாடுகிறோம். திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பதும் அன்றைக்குத்தான். நாற்பது நாள் நடந்து வந்தது அந்த ராத்திரிக்காக.

அரைமணி நேரம் முன்னாலேயே வந்துவிடுங்கள். கோயில் விளக்குகள் அணைந்திருக்கும், புதுத் தீ வெளியே முற்றத்தில், கஞ்சி ஊற்றுகிற அதே இடத்தில்தான் மூட்டுவோம். பாஸ்கா திரியிலிருந்து ஏற்றியது கைமாறிக் கைமாறி உங்களிடம் வரும். பிள்ளைகளின் மெழுகுதிரிக்கு ஒரு அட்டைத் துண்டில் ஓட்டை போட்டு மாட்டிக் கொடுங்கள், மெழுகு கையில் சொட்டும்.