மூன்று சக்கர மோட்டாரின் முன் டயர்: பார்த்து வாங்குவதும் பார்த்துக்கொள்வதும்

செம்பனைக் குலை ஏற்றும் மூன்று சக்கர மோட்டாரில் பாரமெல்லாம் பின்னால்தான். முன் டயருக்குச் சுமக்கும் வேலை குறைவு, திருப்பும் வேலைதான் அதிகம். இரண்டு சக்கர மோட்டார் வளைவில் சாயும். டயரின் உருண்டையான ஓரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். மூன்று சக்கரம் சாயாது. ஹேண்டலைத் திருப்பினால் டயர் நிமிர்ந்தபடியே பக்கவாட்டில் இழுபடும். நடுப்பகுதி தட்டையாகத் தேய்வதும், ஓரத்து ரப்பர்க் கட்டைகள் ரம்பப் பல் போலச் சீவப்படுவதும் இதனால்தான்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். 2.50-17 38எல் என்றால் அகலம் இரண்டரை அங்குலம், ரிம் 17 அங்குலம், தாங்கும் பாரம் 132 கிலோ, வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை. பழைய கப்சாய்களில் (சின்ன மோட்டார் சைக்கிள்களில்) முன்னால் இருக்கும் 2.25-17 33எல் 115 கிலோதான் தாங்கும். மூன்று சக்கரத்துக்கு 2.50 போடுவது நல்லது. பிஆர் என்பது டயரின் அடுக்கு வலிமை. 4 பிஆர், 6 பிஆர் இரண்டும் கிடைத்தால் 6 பிஆர் எடுங்கள். பக்கச்சுவர் விறைப்பாக இருந்தால் திருப்பும்போது டயர் மடங்காது. அகலமாக இருந்தால் இன்னும் நல்லது என்று 80/90-17 போடுபவர்கள் உண்டு. ரிம்மில் 1.40 (அங்குல அகலம்) என்று பொறித்திருந்தால் அந்த ஆசை வேண்டாம். குறுகிய ரிம் டயரை இரண்டு பக்கமும் நெருக்கி இன்னும் உருண்டையாக்கிவிடும். தரையைத் தொடும் இடம் அதிகமாகாது, குறையும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் பாதி வழி தார், மீதி செம்மண். முழுக் கட்டை டயர் செம்மண்ணில் நன்றாகப் பிடிக்கும், தாரில் சீக்கிரம் கரையும். நடுவில் தொடர்ச்சியான வரியும் ஓரத்தில் கட்டையும் உள்ளதே இரண்டுக்கும் ஒத்துவரும். நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள்: 3224 என்றால் 2024-இன் 32-ஆவது வாரம். கடையில் வெயில் பட்டுத் தொங்கிய டயர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மாட்டும்போது பக்கவாட்டு அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். சில டயர்களில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று எதிரெதிராக இரண்டு அம்பு இருக்கும். ரிம் நாடாவைத் தூக்கிப் பார்த்து, துருத்திக்கொண்டிருக்கும் சக்கரக் கம்பி முனையை அரத்தால் தேயுங்கள். டியூபில் பவுடர் பூசி, லேசாகக் காற்றடித்து உள்ளே விடுங்கள். டயரின் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, வால்வருகே முடியுங்கள். முழுக் காற்றடித்து, ஒரு தடவை இறக்கிவிட்டு மறுபடி அடித்தால் டியூபின் மடிப்பு எடுபட்டுவிடும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடியை ஒட்டி விடுங்கள். பிறகு வால்வு சாய்ந்து நின்றால், டயர் ரிம்மில் நழுவி டியூபை இழுத்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரியும். நட்டை இறுக்கியிருந்தால் வால்வின் அடி கிழிந்த பிறகுதான் தெரியும்.

காற்றை வண்டி எடுக்குமுன், காலையில் அளக்க வேண்டும். முன்னால் 28 முதல் 30 பிஎஸ்ஐ. பின்னால் பாரம் அதிகம் என்று முன்னாலும் 40 அடித்தால், டயரின் நடு மட்டுமே தரையைத் தொடும். ஈரச் செம்மண்ணில் ஹேண்டல் திரும்பும், வண்டி நேராகப் போகும். 24-க்குக் கீழே இறங்கினால் கல்லில் மோதும்போது ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

செம்பனை மட்டை முள் தனித் தொல்லை. டயருக்குள் நுழைந்து வெளிநுனி ஒடிந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டியதும் மாட்டிவிடாதீர்கள். பழைய துணியைச் சுருட்டி டயரின் உள்பக்கம் முழுக்க ஓட்டுங்கள், நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். குறட்டால் உள்பக்கமாகவே இழுத்தெடுங்கள். விரலால் தேடினால் முள் விரலில் ஏறும்.

தேய்மானம் ஒரு பக்கமாகவே இருந்தால் டயரைக் குறை சொல்லாமல் பின் அச்சை அளந்து பாருங்கள். ஹேண்டலை நேராக வைத்து, முன் அச்சின் முனையிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இரண்டு பக்கமும் நாடா பிடியுங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டி நண்டு மாதிரி ஓடுகிறது என்று அர்த்தம். அச்சைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டாலும் அப்படியேதான் தேயும். குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக்’ என்று தட்டினால் ஹேண்டல் கோன் (ஹேண்டல் தண்டைத் தாங்கும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. ஒரு குலை 15 முதல் 25 கிலோ வரும். பத்துக் குலையைப் பின் அச்சுக்குப் பின்னால் அடுக்கினால் மேட்டில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். கனமானவற்றை அச்சுக்கு முன்னால் அடுக்குங்கள்.