ஃபீல் சூராவில் வினைவகை பிரிக்கும் முறை

மொழியியலாளர் ஹாலிடேயின் செயற்பாட்டு இலக்கணம், வினைகளைப் புறச்செயல், மனம், உறவு முதலிய வகைகளாகப் பிரிக்கிறது. அதைக் குர்ஆனில் பழக, யானைப்படையின் அழிவைச் சொல்லும் 105ஆம் அத்தியாயமான ஃபீல் சூரா அருமையான இடம்: 5 வசனங்கள், 6 முற்றுவினைகள். தர (காணுதல்), ஃபஅல (செய்தல்), யஜ்அல் (ஆக்குதல்), அர்ஸல (அனுப்புதல்), தர்மீ (எறிதல்), ஜஅல (ஆக்குதல்) என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 'மஃகூல்' (மெல்லப்பட்டது) பெயர்ச்சொல்; சேர்க்க வேண்டாம்.

அடுத்து எழுவாய். 'தர்மீ'யில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதே வடிவத்துக்கு 'நீ எறிகிறாய்' என்றும் பொருளுண்டு. இங்கே எறிபவை முந்தைய வசனத்துப் பறவைகள். ஃபஅல, அர்ஸல, தர்மீ மூன்றும் புறச்செயல் வினைகள். 'தர' மனவினை. அதில் 'நீர்' என்று அழைக்கப்படும் நபிகளார் யானைப்படையின் அழிவை நேரில் காணாததால் 'காணுதல்' என்பதைவிட 'அறிதல்' என்ற உட்பிரிவே பொருந்தும்.

'ஜஅல'வை அகராதியின் முதல் பொருளை வைத்து முடிவுசெய்யாதீர்கள். 'மெல்லப்பட்ட வைக்கோலைப்போல் அவர்களை ஆக்கினான்' என்பதில் ஆன நிலைதான் செய்தி. எனவே இது ஒன்று இன்ன நிலையில் இருப்பதை அல்லது ஆவதைச் சொல்லும் உறவுவினை, ஆக்கியவன் இறைவன். 2ஆம் வசனத்து 'யஜ்அல்' இதே வகை.