காவிரிக்கரையில் ஒரு பழங்காலக் காதல்: முதல் குறும்படத்துக்குக் கதை எழுதுவது எப்படி?

மிராசுதார் மகள், ஏழை வீட்டுப் பையன், நடுவில் அரிவாளோடு அப்பா. பழைய தஞ்சாவூர் ஜில்லாவை வைத்து எழுத உட்கார்ந்தால் முதலில் இதுதான் வரும். எனக்கும் வந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், அதை மதுரையில் வைத்தாலும் கோயம்புத்தூரில் வைத்தாலும் ஒரு வரி மாறாது. ஊர் கதைக்குள் வரவே இல்லை. அப்புறம் உட்கார்ந்து திருத்திய வரிசை இது.

படி 1: வருஷத்தைக் குறியுங்கள்

'அந்தக் காலம்' என்று எழுதிவிட்டுத் தப்பிக்காதீர்கள். நான் எடுத்துக்கொண்டது 1952. அந்த ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் (மிராசுதாரிடம் நிரந்தரமாக வேலை செய்யும் ஆள்) பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆளை நினைத்தபடி வெளியேற்ற முடியாது, வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிரிடுபவருக்கு அதில் ஐந்தில் இரண்டு பங்காவது தர வேண்டும் என்றது. நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்துப் பக்கம் பெரும் புயல். இரண்டுக்கும் நடுவில் குறுவை (குறுகிய கால நெல்) அறுப்பு. காதலிக்க இதைவிட மோசமான வருஷம் கிடைக்காது.

படி 2: 'பணக்காரன், ஏழை' என்பதை அடித்துவிட்டு நிலத்தை எழுதுங்கள்

பெண் வீட்டுக்கு எத்தனை வேலி? ஒரு வேலி 20 மா, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். பையன் வீடு குத்தகையா (விளைச்சல் எப்படியானாலும் பேசிய அளவைக் கொடுப்பது), வாரமா, பண்ணையாளா? மூன்றும் மூன்று வேறு கதைகள். சாதியைத் தொடாமல் வர்க்கத்தை மட்டும் பேசிவிடலாம் என்று நினைத்தால், டெல்டாவில் அது நடக்காது. பண்ணையாட்களில் பெரும்பாலோர் சேரியில் இருந்த தலித் மக்கள். அந்தக் காதலின் ஆபத்து வேறு, அதை எழுதத் தேவையான தைரியமும் வேறு. நான் வாரக்குடி வீட்டுப் பையனை எடுத்தேன். கோழைத்தனம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

படி 3: வீட்டின் வரைபடம் போடுங்கள்

வாசல், திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), முற்றம், கூடம், கொல்லை. யார் எதுவரை வரலாம் என்று பென்சிலால் கோடு போடுங்கள். என் கதையில் பையன் வாசலில் நிற்பான், இல்லையென்றால் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் வருவான். திண்ணையில் உட்கார்ந்ததே இல்லை. இந்தக் கோடு இருந்தால் பாதி வசனம் தேவைப்படாது.

படி 4: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

புதிதாக எழுதுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மிராசுதார் வீட்டுப் பத்து வயசுப் பொடியன் அறுபது வயசு வாரக்குடியை 'வா, போ' என்பான். அவர் அவனைச் 'சின்னய்யா' என்பார். அந்த வீட்டுப் பெண்ணும் அப்படியே பேசி வளர்ந்தவள். பையனுக்கு அவள் 'சின்னம்மா'.

இப்போது காதலைச் சொல்ல வேண்டும். பாட்டு வேண்டாம், கடிதமும் வேண்டாம். கொல்லையில் தேங்காய் இறக்கிப் போட வந்தவனிடம் அவள் முதல் தடவையாக "வாங்க" என்கிறாள். அவன் திரும்பி, பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்கிறான்.

அன்றிலிருந்து அவனால் 'சின்னம்மா' என்று சொல்ல முடியவில்லை, பேரைச் சொல்லவும் நாக்கு வரவில்லை. கூப்பிடும் சொல்லே இல்லாமல் பேச ஆரம்பிக்கிறான். "தண்ணி வேணும்." "மழை வரும்போல." இதைக் கண்டுபிடிப்பது அம்மாவாக இருக்கட்டும். அப்பாக்களுக்கு இதெல்லாம் காதில் விழாது.

படி 5: பொருட்களைச் சரிபாருங்கள்

நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. பிளாஸ்டிக் குடம் ஃபிரேமில் வந்தால் போச்சு. அவ்வளவுதான், நகருங்கள்.

படி 6: அரிவாளை வாங்கி வைத்துவிட்டு, அப்பா கையில் மரக்காலைக் கொடுங்கள்

நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்க மாட்டார்கள். "லாபம்" என்றுதான் முதல் மரக்கால் விழும். அப்புறம் ரெண்டு, மூணு. 12 மரக்கால் ஒரு கலம். இதை வைத்து என் கடைசிக் காட்சியை எழுதினேன்.

ஐயா, அதாவது பெண்ணின் அப்பா, வீட்டுப் பங்கு வண்டியில் வந்து இறங்கியிருக்கிறது. புதுச் சட்டப்படி பிரித்த முதல் குறுவை, அதனால் யாரும் யாரிடமும் பேசவில்லை. வாசலில் பையன் அளக்கிறான். ரேழியின் இருட்டில் நின்று அவள் அந்தக் குரலை எண்ணிக்கொண்டிருக்கிறாள். "அஞ்சு... ஆறு... ஏழு..." உள்ளே வளையல் சத்தம். அவன் மறுபடியும் "ஏழு" என்கிறான்.

கணக்குப்பிள்ளை கவனிக்கவில்லை. திண்ணையில் இருக்கும் ஐயா கவனிக்கிறார். ஒரு மரக்கால் தன் பக்கம் அதிகம் வந்திருக்கிறது. ஏன் வந்தது என்பதும் ரேழிப் பக்கம் பார்த்ததும் புரிகிறது. கலம் முடியும்வரை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருக்கிறார்.

பிறகு எழுந்து வந்து, தன் கையாலேயே ஒரு மரக்கால் நெல்லை அள்ளி, விளிம்புக்கு மேலே இருப்பதைத் தட்டிச் சமன் செய்து, பையனுடைய அப்பாவின் துண்டில் கொட்டுகிறார்.

"உங்க வீட்டுது எங்களுக்கு வேண்டாம்."

இதுவரை அவரை 'நீ' என்று மட்டுமே பேசியவர் ஐயா. 'உங்க' என்ற அந்தச் சொல்லை நடிகர் அழுத்திச் சொல்லக் கூடாது.