திருகோணமலையில் பெண்களின் அண்டர்கிரவுண்ட் இசை நிகழ்வை நடத்துவது எப்படி?

ராப், மெட்டல், பங்க் என வானொலியில் அதிகம் ஒலிக்காத இசையைப் பாடும் பெண்களை ஒரே மேடையில் ஏற்ற விரும்புவோர் பெரும்பாலும் சுவரொட்டியிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். ஆனால் முதலில் தீர்மானிக்க வேண்டியவை நாளும் நேரமுமே. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையை நம்ப முடியாது என்பதால், திறந்த வெளிக்கு மே முதல் செப்டெம்பர் வரையான காலம் ஏற்றது. அப்போது வீசும் கச்சான் காற்று மைக்கில் இரையும். மைக்குகளுக்கான நுரை உறைகளை மறவாதீர்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தேவை. 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பிறப்பித்த கட்டளையின்படி, விசேட விதிவிலக்குகள் தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த அனுமதி கிடைக்காது. ஆயினும் 10 மணி வரை இழுக்காமல், மாலை 4.30க்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிப்பதே நல்லது. கிண்ணியாவிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ வரும் பெண் கடைசிப் பாட்டையும் கேட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டுமல்லவா? நுழைவுச்சீட்டு விற்பதாயின், அச்சிடும் முன்பே கேளிக்கை வரி பற்றி உள்ளூராட்சி சபையில் விசாரியுங்கள்.

அதிகக் கவனம் வேண்டுவது ஒலியமைப்புக்கே. வாடகைக்குக் கிடைக்கும் சவுண்ட் செற் பெரும்பாலும் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் பழகியது. அதை இயக்குபவர் மைக்கைத் திறந்ததுமே எக்கோவை ஏற்றிவிடுவார். ராப்பில் ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் வந்துவிடுவதால், எக்கோவை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். பெண் குரல் என்றாலே மெல்லியது என்று கருதி ட்ரெபிளை, அதாவது ஒலியின் மேல் சுருதியை, கூட்டுவதும் தவறு. மெட்டல் பாடகியின் உறுமலில் அடிக்குரலே உயிர். ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்தால், பின்புற ஒலியைத் தவிர்க்க உதவும் துவாரங்கள் அடைபட்டு, மைக் எல்லாப் பக்கத்து ஒலியையும் வாங்கிக் கூவத் தொடங்கும். பொத்திப் பிடிப்பது சில பாடகிகளின் பாணி என்பதால், அவர்களைத் திருத்த முயலாமல், ஒத்திகையிலும் அப்படியே பிடிக்கச் சொல்லி, கூவல் எழும் அதிர்வெண்ணை ஈகியூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டில்) குறையுங்கள். மற்றவர்களுக்கு மொனிட்டரை (பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கியை) மைக்கின் வால் நோக்கும் திசையில் வைத்தால் போதும். ஒலிச் சோதனையைக் கடைசியாகப் பாடும் குழுவில் தொடங்கி முதலாவது குழுவில் முடித்தால், நிகழ்வு தொடங்கும்போது மேடை அந்த முதலாவது குழுவுக்கு ஏற்றபடி தயாராக இருக்கும்.

அமெரிக்காவில் 1990களில் பிகினி கில் என்ற பங்க் இசைக்குழுவினர் தமது நிகழ்ச்சிகளில் பெண்களை மேடைக்கு முன்னே அழைத்தனர். இங்கும் முன்பகுதியைப் பெண்களுக்கென ஒதுக்கி, அறிவிப்போடு நில்லாமல், பெண் தொண்டர்கள் சிலரை அங்கே நிறுத்துங்கள்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர் இது. ஆதலால், சுவரொட்டியில் எந்தப் பெயர் இடம்பெறலாம், முகம் தெரியலாமா, வீடியோ எடுக்கலாமா என்பவற்றை ஒவ்வொரு கலைஞரிடமும் தனித்தனியே கேட்டு எழுதி வைத்து, படமெடுப்பவரிடம் அந்தப் பட்டியலைக் கொடுங்கள். வாய்ப்புக் கொடுத்ததே பெரிது என்ற நினைப்பில் சம்பளத்தைத் தள்ளிப்போடுவது இத்துறையின் கெட்ட பழக்கம். சவுண்ட்காரருக்குக் காசு கொடுக்கும் அதே வேளையில், அவர் வயர்களைச் சுருட்டி முடிப்பதற்குள், பாடியவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.