வசந்தகாலப் பூவை வச்சு கவிதை எழுதும்போதும் படம் வரையும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்துட்டா நம்ம பிள்ளைங்க நிறைய பேரு வசந்தம்னு கவிதை எழுதி ஸ்டேட்டஸ்ல போடுவாங்க, கூடவே ஒரு செர்ரிப்பூ படமும் இருக்கும். எழுதணும்ங்கிற அந்த ஆசை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனாலதான் இதைச் சொல்லுகேன். நாகர்கோவில்ல இருந்துட்டு செர்ரிப்பூவ எழுதுறது குத்தம் ஒண்ணும் இல்ல மக்கா, ஆனா அந்தப் பூவுக்கு ஜப்பான்ல அந்த அர்த்தம் எப்படி வந்துச்சுன்னு தெரியாம எடுத்தா கவிதையில அது சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கும்.

அங்க மரம் முழுசா பூத்து நிக்கிறது ஒரு வாரம், மிஞ்சிப்போனா இன்னும் கொஞ்ச நாளு, நடுவுல நல்ல காத்தும் மழையும் அடிச்சா மொத்தமும் கொட்டிரும். அதனால ஜனங்க குடும்பத்தோட மரத்தடியில போய் உக்காந்து பாக்கும்போதே இது போகப்போகுதுன்னும் தெரிஞ்சேதான் பாக்காங்க, சந்தோஷமும் வருத்தமும் அங்க ஒரே நேரத்துல நடக்குது. நம்ம ஆளுங்க முதல் பாதியில "புது வாழ்வு", கடைசி பாதியில "எல்லாம் உதிரும்"னு ரெண்டா வெட்டி எழுதுறதுதான் அடிக்கடி நடக்குற தப்பு. இன்னொண்ணு, செர்ரிப்பூன்னா என்னைக்கும் இதே அர்த்தம்னு நினைக்கிறது. எட்டாம் நூற்றாண்டுல தொகுத்த மன்யோஷூங்கிற ஜப்பானியப் பாட்டுத் தொகுப்புல செர்ரிய விட பிளம் பூவுக்குத்தான் பாட்டு அதிகம். அதே செர்ரிப்பூ பேர ரெண்டாம் உலகப்போர் கடைசியில ஜப்பான் கடற்படை தற்கொலைப்படை விமானத்துக்கு வச்சுச்சு. யாரு கையில இருக்குன்னு பொறுத்து பூவோட அர்த்தம் மாறும்.

ஓவியத்துல வான்கோ வரைஞ்ச அந்த நீலப் பின்னணி வெள்ளைப்பூ படத்த செர்ரின்னு போடுறவங்க எக்கச்சக்கம். அது பாதாம்பூ ஆக்கும். 1890 ஜனவரி கடைசியில தம்பிக்குப் பையன் பிறந்தான்னு கேட்டு, பிப்ரவரியில அந்தப் பிள்ளைக்காக வரைய ஆரம்பிச்சது. ஜூலையில வான்கோ இறந்துட்டாரு, அதனால இது சாவ முன்கூட்டியே உணர்ந்து வரைஞ்ச படம்னு சோகமா எழுதுறாங்க, அப்படிப் பண்ணாதீங்க, அது ஒரு குழந்தை பிறந்த சந்தோஷத்துல வந்த படம். டச்சுக்காரங்க 17ஆம் நூற்றாண்டுல வரைஞ்ச பூஜாடிகளுக்கு வேற பிரச்சனை, அதுல டியூலிப்பும் ரோஜாவும் இன்னும் பல மாசத்துப் பூவும் ஒண்ணா இருக்கும், அப்படி ஒரு ஜாடி எந்த நாளும் நேர்ல இருந்திருக்க முடியாது, ஒவ்வொரு பூவையும் அது அது பூக்கும்போது வரைஞ்சு வச்சுக்கிட்டு பிறகு சேர்த்தாங்க. அத இயற்கைய அப்படியே பாத்து வரைஞ்சதுன்னு நம்பி காப்பி அடிக்கக்கூடாது.

இப்ப நம்ம வீட்டு விஷயத்துக்கு வாறேன், எனக்கு ரொம்ப முக்கியமானது இதுதான். தமிழ்ல இளவேனில்னா சித்திரை வைகாசி. ஐங்குறுநூறுல இளவேனிற்பத்துன்னு பத்துப் பாட்டு இருக்கு, பத்துமே "அவரோ வாரார் தான்வந் தன்றே"ன்னுதான் தொடங்கும். அவரு வரல, ஆனா இளவேனில் வந்துட்டு. கோங்கு மொட்டு உடையுது, பாதிரி பூக்குது, குயில் கூவுது, நுணாப்பூ மணக்குது, போனவன் மட்டும் வரல. அந்தப் பாட்டுங்க பாலைத்திணை, அதாவது பிரிவு. வசந்தம்னா கொண்டாட்டம்னு மட்டும் எழுதுறவங்க இந்த ரெண்டாயிரம் வருஷத்துச் சொத்தத் தொடாமலே போறாங்க, அதுதான் எனக்கு ஆத்தாமை. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்ல இருக்காங்க, விஷுவுக்குக் கணி வைக்கையில வீடியோ கால்ல காட்டுறோம், அந்த வரி இன்னைக்கும் அப்படியே பொருந்துது பாத்துக்கிடுங்க.

கணின்னு சொன்னதும் கொன்றை வருது. நம்ம ஊர்ல சித்திரைக்கு முன்னாடியே கணிக்கொன்னை மஞ்சளா தொங்கும், அதனால அது வசந்தப்பூன்னு எழுதுறது சரிதான். ஆனா அதுக்குச் சங்கப்பாட்ட ஆதாரம் காட்டாதீங்க, அங்க கொன்றை கார்காலத்துப் பூ. குறுந்தொகை 66ல தோழி சொல்லுகா, இந்தக் கொன்றை மரம் மடத்தனமா காலம் தப்பிப் பெஞ்ச மழைய காருன்னு நம்பிப் பூத்திருக்கு, தலைவன் திரும்பி வாறேன்னு சொன்ன பருவம் இன்னும் வரலன்னு. தலைவி உடைஞ்சிடக்கூடாதுன்னு மரத்து மேல பழியப் போடுறா. பூ ஒரு தடவ பூத்ததுக்கு எவ்வளவு பெரிய வேலை கொடுத்திருக்காங்க பாருங்க! புறநானூறு 242ல வல்வேல் சாத்தன்ங்கிற வீரன் செத்த பிறகு பூத்த முல்லையப் பாத்து "முல்லையும் பூத்தியோ"ன்னு புலவர் கேக்காரு. திரும்பவும் பூக்குறதுதான் அங்க வலிக்குது. புதுப்பிறப்புன்னா ஆறுதல்தான்னு கண்ண மூடிட்டு எழுதுறவங்க இந்தப் பாட்ட ஒருக்கா வாசிக்கணும்.

வசந்தம்னா பூ மட்டும்தான்னு நினைக்கிறதும் தப்புதான். குலசேகரம், அருமனை பக்கம் போனா தை மாசியில ரப்பர் மரம் பழைய இலை மொத்தத்தையும் கொட்டிட்டு செம்பு நிறத்துல தளிர் விடும், மூணு இலை சேருற காம்புல தேன் சுரக்கும், தேனீ அதத்தான் எடுக்கும். மார்த்தாண்டம் தேன்ல பெரும்பங்கு பூவுல இருந்து வாறதே இல்ல, இந்தத் தளிர்ல இருந்துதான். இளவேனிற்பத்துலயும் ஒரு பாட்டுல பூவே கிடையாது, மாமரத்துல நெருப்பு மாதிரி "எரிகால் இளந்தளிர்" வாறதுதான் வசந்தம். ரப்பரும் தேனும் எந்தக் கவிதையிலயாவது வந்திருக்கான்னு தேடிப் பாக்கேன், என் கண்ணுல படல, யாராவது எழுதுங்க.

"காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்" அப்படிங்கிற அளவோட குறள நிறுத்தி பூப்படத்துக்குக் கீழ போடுறாங்க. மீதி ரெண்டு சொல்லு "இந்நோய்". அது 1227, பொழுது கண்டு இரங்கல் அதிகாரம், பிரிவு நோயத்தான் பூவா சொல்லியிருக்காரு. வெட்டிப் போட்டா பாட்டே போச்சு.

அந்த நேரக்கணக்கு எவ்வளவு சரின்னு தெரியணும்னா விடியக்காலம் தோவாளை பூச்சந்தைக்குப் போங்க. அங்க மல்லி, பிச்சின்னா மொட்டுக்குத்தான் விலை, விரிஞ்ச பூவுக்கு மதிப்பு கிடையாது, காலையில மொட்டா எடை போட்டு வாங்கினது சாயங்காலம் தலையில இருக்கும்போது விரியும், மறுநாள் பழுத்துப் போயிரும். நிலையாமைய அங்க யாரும் தத்துவமா பேசுறது இல்ல, வண்டி லேட் ஆச்சுன்னா காசு போச்சு, அவ்வளவுதான். வரையப் போறவங்க போன்ல வேற எங்கயோ எடுத்த படத்தப் பாத்து வரையாம ஒரு கை பூவ வாங்கி வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. பிச்சி மொட்டு நீளமா ஒல்லியா அடியில லேசா ரோஸ் பாய்ஞ்சு இருக்கும், மல்லி மொட்டு உருண்டையா சுத்த வெள்ளை. ரெண்டையும் ஒரே மாதிரி வரைஞ்ச படத்த இங்க பூ கட்டுற அக்காமார் தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிருவாங்க.